நாலு வயது பாப்பாவுக்குச் சைகை பழக்கினால் பேச்சு வராமல் போய்விடுமா?

லயத்துக்கிளி (தலவாக்கலைப் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மூத்தவளுக்கு வரும் மாதம் நாலு முடிகிறது. இரண்டு காதும் கேட்காது. அது தெரியவே இரண்டரை வயதாகிவிட்டது. "அவ அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று மாமியார் சொன்னார், நாங்களும் நம்பினோம். ஒரு நாள் பக்கத்துக் காம்பராவின் தகரக் கதவு காற்றில் படாரென்று அறைந்தது. அங்கே இருந்த கைக்குழந்தை அலறி எழுந்தது. எங்கள் பாப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தலையில் வயர் ஒட்டி, தூங்க வைத்து எடுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். இப்போது எட்டு மாதமாக இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறாள். தப்பு மேளச் சத்தத்துக்குத் திரும்புகிறாள். பேச்சுக்குத் திரும்புவதில்லை.

பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருவர், "வீட்டில் கை காட்டிப் பேசாதீர்கள். கையிலேயே காரியம் முடிந்தால் வாயைத் திறக்க மாட்டாள்" என்றார். அன்றிலிருந்து அவள் கை காட்டினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். போன வாரம் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மாமியார் மட்டும் யார் சொல்வதையும் கேட்பதில்லை. அவருக்கும் பாப்பாவுக்கும் தனிக் கணக்கு. வெற்றிலை இடிப்பது போலக் காட்டினால் பாட்டி. நெற்றிக்கு மேல் விரலால் ஒரு கோடு இழுத்தால் கூடைக் கயிறு, அதாவது கொழுந்து எடுக்கப் போகும் சித்தி. மூக்கைப் பொத்தினால் கருவாடு!

கேள்வி இரண்டு. முறையாகச் சைகை மொழி பழக்கினால் பேச்சு நின்றுவிடுமா? பழக்குவதாக இருந்தால் தமிழ்ச் சைகையா, சிங்களச் சைகையா?

மடுவத்துமணி (மஸ்கெலியா)

அக்கா, கை காட்டிப் பேசுவது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? என் மாமா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் பக்கம் இருபது வருடம் வேலை செய்தார். மெஷின் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைதான். நிறுத்து, இன்னும் போடு, துரை வருகிறார், டீ குடிக்கப் போகலாம். மாமா இப்போது வீட்டிலும் அப்படித்தான், மாமிக்கு எரிச்சல். பயப்படாமல் பழக்குங்கள்.

கீழ்ப்பிரிவு (பொகவந்தலாவை)

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

என் அக்கா மகனுக்கும் காது கேட்காது. சின்ன வயதிலேயே மெஷின் போட்டு, அக்கா ராப்பகலாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்தார். இன்று கடைக்குப் போய்ச் சாமான் கேட்டு வாங்கி வருகிறான். கொஞ்சம் கொச்சையாக இருக்கும், ஆனால் புரியும். பஸ்ஸில் கொண்டக்டருக்குச் சைகை தெரியுமா? தபால் கந்தோரில் தெரியுமா? தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? ஊரில் ஒருவருக்கும் தெரியாத மொழியைப் படித்துக்கொண்டு பிள்ளை யாரோடு பேசும்? பேச்சுக்கே முழு மூச்சாக முயற்சி எடுங்கள். சைகை கடைசி வழியாக இருக்கட்டும்.

கைபேசும்வீடு (பண்டாரவளை)

லயத்துக்கிளி அக்கா, இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதாவிட்டால் என் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். என் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்குக் கேட்கும். எனக்கு முதலில் வந்தது சைகை, இரண்டாவது தமிழ் (அம்மாயி வளர்த்ததால்), மூன்றாவது சிங்களம். என் பேச்சு எங்கேயும் நின்றுபோகவில்லை. நிறுத்தச் சொல்லித்தான் எல்லோரும் கெஞ்சுகிறார்கள்.

எனக்குக் காது கேட்கும், அதனால் என் கதை அத்தாட்சி ஆகாது என்று கீழ்ப்பிரிவு அண்ணா சொல்லலாம். சரி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பேச்சு வாயில் வருவதற்கு முன்னால் மண்டைக்குள் ஒரு மொழி இருக்க வேண்டும். கேட்கும் பிள்ளைக்கு அது பிறந்த நாளிலிருந்து காது வழியாக இறங்குகிறது. கேட்காத பிள்ளைக்குக் கண் ஒன்றுதான் முழுதாகத் திறந்திருக்கிற வாசல். அதையும் மூடி வைத்துவிட்டு, "பேச்சு வரட்டும், பார்ப்போம்" என்று ஐந்து, ஆறு வயது வரை காத்திருந்தால், அதுவரை பிள்ளையிடம் எந்த மொழியுமே இருக்காது. அந்த வருடங்களைப் பிறகு எங்கே போய் வாங்குவது?

மடுவத்துமணி தம்பி சொன்னது ஸ்டோர் கைச்சாடை. அது வேறு, சைகை மொழி வேறு. "துரை வருகிறார்" என்று உங்கள் மாமா காட்டுவார். "நேற்று துரை வந்திருந்தால் நான் தப்பியிருக்க மாட்டேன்" என்று காட்ட முடியுமா? என் அப்பா காட்டுவார். "துரை வந்ததாகக் கங்காணி சொன்னார், எனக்கு நம்பிக்கை இல்லை" என்பதையும் காட்டுவார். கங்காணியின் நடையோடு.

ஒரு உதாரணம். போன வருடம் எங்கள் பக்கத்தில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப் போனது. அப்பா அதை எனக்குச் சொன்ன விதத்தைப் பாருங்கள். முதலில் தனக்கு இடது பக்கம், தாழ்வாக, லயத்தை, அதாவது எங்கள் வரிசை வீடுகளை, வைத்தார். வலது பக்கம், தோளுக்கு மேலே, தேயிலை மலை. லயத்து வாசலில் நாயைப் படுக்க வைத்தார். பிறகு மலையிலிருந்து சிறுத்தையை இறக்கினார். அதற்கு மேல் அவர் நாய் என்றோ சிறுத்தை என்றோ மறுபடி சொல்லவே இல்லை. வைத்த இடத்தைக் கண்ணால் தொட்டாலே எனக்குப் புரிந்தது. சிறுத்தை எந்தப் பக்கமாக வளைந்து வந்தது, எவ்வளவு மெதுவாக, கடைசி நொடியில் எவ்வளவு வேகமாக, எல்லாம் ஒரே கை அசைவில். தமிழில் சொன்னால் ஏழெட்டு வாக்கியம் வேண்டும். இடம்தான் அங்கே இலக்கணம்.

முகமும் அப்படித்தான். அப்பா "வந்தார்" என்று காட்டி இரண்டு புருவத்தையும் உயர்த்தினால் "வந்தாரா?" என்று அர்த்தம். யார், எங்கே, ஏன் என்று கேட்கும்போது புருவம் சுருங்கும். கோபமாகப் பேசுகிறார்கள் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பாவம், அவர் "எப்போது பஸ்?" என்றுதான் கேட்டிருப்பார்.

இனி இரண்டாவது கேள்வி. தமிழ்ச் சைகை, சிங்களச் சைகை என்று இரண்டு தனி மொழி இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம், பகுதிக்குப் பகுதி சில சைகைகள் மாறும். பெயரை எழுத்தெழுத்தாக விரலில் காட்டும்போது தமிழுக்கு ஒரு வரிசை, சிங்களத்துக்கு ஒரு வரிசை. மற்றபடி அது தன் பாட்டில் நிற்கிற மொழி, வாயால் பேசும் மொழியின் நிழல் கிடையாது. ஆங்கிலம் பேசும் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் எடுங்கள். அந்த இரண்டு நாட்டுக் கேளாதோரும் ஒருவர் சைகை ஒருவருக்குப் புரியாமல் முழிப்பார்கள். அமெரிக்கச் சைகைக்குப் பிரெஞ்சுச் சைகைதான் கிட்டத்துச் சொந்தம். ஏனென்றால் 1817 இல் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கியபோது முக்கிய ஆசிரியராக இருந்தவர் லோரான் கிளேர் என்ற காது கேளாத பிரெஞ்சுக்காரர்.

நம் கதைக்கு வருகிறேன். அப்பாவின் நெருங்கிய கூட்டாளி வெலிமடைப் பக்கத்துச் சிங்கள மாமா. அவருக்கும் காது கேட்காது. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சந்தித்தால் பஸ் போவதுகூடத் தெரியாது. கூட வரும் அவருடைய தம்பிக்குக் காது கேட்கும், தமிழ் தெரியாது. என் சித்தப்பாவுக்குக் கேட்கும், சிங்களம் அரைகுறை. கேட்கிற இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டுவார்கள், கேட்காத இரண்டு பேரும் உருளைக்கிழங்கு விலையிலிருந்து அரசியல் வரை அலசுவார்கள். யாருக்கு யார் மொழிபெயர்ப்பு தேவை என்று அங்கே வந்து பார்க்க வேண்டும்.

வாத்தியார்1952 (ஹப்புத்தளை)

பிள்ளைகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். கடைசி வாங்கில் ஒரு பையன். காது கேட்காது. குழப்படி இல்லை, ஒரு நாளும் தவறாமல் வருவான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் இருப்பதைத் திகதி உட்படப் புள்ளி பிசகாமல் பார்த்து எழுதுவான். பார்க்க வந்த அதிகாரிகளிடம் அவன் கொப்பியைத்தான் காட்டுவோம். ஒரு நாள் பலகையை அழித்துவிட்டு, அவனைச் சுட்டிக்காட்டி "உன் பெயர்" என்று எழுதினேன். அவன் அழகாக "உன் பெயர்" என்று எழுதிக் காட்டினான். ஐந்து வருடம் எங்களோடு இருந்தவன். அவனுக்குத் தன் பெயர் தெரியாது. பெயர் என்று ஒன்று இருப்பதே தெரியுமோ தெரியாதோ. நாங்கள் அவனை நல்ல பிள்ளை என்று வகுப்பேற்றிக்கொண்டே இருந்தோம்.

கீழ்ப்பிரிவு தம்பி சொல்லும் "பேச்சு மட்டும்" என்ற எண்ணம் தம்பியின் தவறில்லை, அதற்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1880 இல் இத்தாலியின் மிலான் நகரில் கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூடியது. வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்கும் ஆட்கள். வாய்ப்பேச்சுதான் சிறந்தது, வகுப்பில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதன் நிழல் நூறு வருடத்துக்கு உலகமெங்கும் விழுந்தது. எத்தனையோ நாடுகளில் பிள்ளைகளைக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்தார்கள். 2010 இல் கனடாவின் வான்கூவரில் அதே மாநாடு கூடித்தான் அந்தத் தீர்மானங்களைத் தள்ளிவைத்து வருத்தம் தெரிவித்தது. 130 வருடம்!

இடையில் 1960 இல் வில்லியம் ஸ்டோக்கோ என்ற அமெரிக்க ஆசிரியர் ஒரு ஆய்வு வெளியிட்டார். கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசையும் விதம், இவை மூன்றும் சேர்ந்துதான் ஒரு சைகை உண்டாகிறது என்றார். நம் எழுத்துகள் சேர்ந்து சொல் ஆவது போல. இடத்தை மட்டும் மாற்றினால் வேறு சொல். அவர் சொன்னபோது கூட வேலை செய்தவர்களே சிரித்தார்களாம்.

இன்னும் ஒன்று. நிக்கராகுவாவில் எழுபதுகளின் பிற்பகுதியில் கேளாத பிள்ளைகளை முதல் தடவையாகப் பெருந்தொகையாக ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய உதட்டசைவைப் படிப்பித்தார்கள், அது ஏறவில்லை. பிள்ளைகள் விளையாட்டு முற்றத்திலும் பஸ்ஸிலும் அவரவர் வீட்டுச் சாடையைக் கொட்டி, கலந்து, ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதற்கு இலக்கணத்தைச் செப்பம் செய்தார்கள். உன் மாமியாரும் பேத்தியும் கருவாட்டுக்கு மூக்கைப் பொத்துகிறார்களே மகளே, அது அந்த வேலையின் முதல் படி. ஆனால் இரண்டு பேரால் ஒரு மொழி முழுதாக வளராது, கூட்டம் வேண்டும்.

நம் நாட்டில் இரத்மலானைக் கேளாதோர் பள்ளிக்கூடம் 1912 இல் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் கைதடி நவீல்ட் பள்ளிக்கூடம் இருக்கிறது. தலவாக்கலையிலிருந்து கைதடி எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும்.

கீழ்ப்பிரிவு

ஐயா, அந்தப் பையன் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பிள்ளை சைகை படித்துவிடும். வீட்டார் படிப்பார்களா? காலை ஆறு மணிக்குப் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்க) போய், மாலை கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வருகிறவர்கள் எப்போது படிப்பது?

பனித்துளி (நானுஓயா)

நான் காது கேளாதவள். 27 வயது. தையல் வேலை. தமிழ் எனக்கு இரண்டாவது மொழி. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எனக்கு உதட்டைப் பார்த்துப் படிக்கப் பழக்கினார்கள். ஒன்பது வருடம். இப்போது சொல்கிறேன். கண்ணாடி முன் நின்று சத்தம் இல்லாமல் "பாடு" சொல்லுங்கள். "மாடு" சொல்லுங்கள். உதடு ஒன்று. படம், மடம். உதடு ஒன்று. க எழுத்து தொண்டையில், வெளியே தெரியாது. நான் பாதி பார்க்கிறேன், பாதி ஊகிக்கிறேன். வெற்றிலை போட்ட வாய் என்றால் ஒன்றும் இல்லை. மீசை என்றால் ஒன்றும் இல்லை. கரண்ட் போனால் ஒன்றும் இல்லை. கொரோனா நேரம் எல்லோரும் முகக்கவசம். இரண்டு வருடம் நான் சுவரோடு இருந்தேன்.

வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தீபாவளிக்கு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், சிரிப்பார்கள். நான் அக்கா கையைத் தட்டி "என்ன?" கேட்பேன். அக்கா "ஒன்றும் இல்லை, பிறகு சொல்கிறேன்." பிறகு சொல்லவில்லை. ஒரு தடவையும் இல்லை. எங்கள் அப்பப்பா எப்படி இந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்ற கதை தம்பிக்குத் தெரியும். எனக்குப் போன வருடம் தெரிந்தது. தம்பி எழுதிக் காட்டினான்.

சைகை நான் 16 வயதில் படித்தேன். டவுனில் கேளாத கூட்டாளிகள் சொல்லித் தந்தார்கள். எனக்குச் சைகைப் பெயர் வைத்தார்கள். அன்று நான் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. பசி இல்லை. சந்தோஷம்.

கீழ்ப்பிரிவு அண்ணாவுக்கு: ஒரு நாளைக்கு இரண்டு சொல். அடுப்பு பக்கத்தில். போதும்.

இன்னொன்று. ஊமை என்று சொல்ல வேண்டாம். இங்கே யாரும் சொல்லவில்லை, நன்றி. தோட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் காது கேட்காது, பேச நிறைய இருக்கிறது.

வெள்ளைக்கொடுக்கு (நுவரெலியா)

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். மெஷின் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சுருக்கமாக.

அக்கா, சைகை பழக்குவதால் மெஷினைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து போகலாம். பேச்சுப் பயிற்சியையும் விடாதீர்கள், வருகிறது வரட்டும். காதுக்குள் வைக்கும் அச்சு, பிள்ளை வளர வளரத் தளரும். கூ என்று விசில் சத்தம் வந்தால் அச்சு மாற்ற நேரமாகிவிட்டது என்று அர்த்தம். பாப்பாவுக்கு அந்த விசில் கேட்காது, நீங்கள்தான் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துப் பனியும் மழையும் மெஷினுக்கு எமன். சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே சிலிக்கா பைக்கற், அதை நன்றாக மூடும் டப்பாவில் போட்டு, இரவில் பற்றரியைக் கழற்றி மெஷினை அதற்குள் வையுங்கள். பைக்கற்றைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள், பற்றரியை அதைவிட எட்டாமல். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

காதுக்குள் கருவி பொருத்தும் ஒப்பரேஷன் பற்றியும் டொக்டரிடம் தாமதிக்காமல் கேளுங்கள். வயது ஏற ஏறப் பலன் குறையும். ஆனால் அதைச் செய்தாலும் மறுநாள் பேச்சு வராது. பல வருடப் பயிற்சி, வெளியே மாட்டும் பகுதிக்கும் பற்றரிக்கும் தொடர்ந்து செலவு. அதைக் கழற்றிவிட்டுக் குளிக்கும்போதும் தூங்கப் போகும்போதும் பிள்ளைக்கு மறுபடி கேட்காது. அப்போதும் நீங்கள் அவளோடு பேச வேண்டும் அல்லவா?

கைபேசும்வீடு

அக்கா சொன்ன கடைசி வரியை நான் அச்சடித்து மாட்டப் போகிறேன்.

எல்லாம் இனிப்பு என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பதினொரு வயதில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஒரு ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அம்மாவைப் பார்க்கவே இல்லை. "கட்டி", "வெட்டி எடுக்கணும்", "ஆபத்து இருக்கு". நான் கடைசிச் சொல்லை அம்மாவுக்குக் காட்டவில்லை. மறைத்துவிட்டேன். அம்மா பிழைத்தார், ஆனால் அவர் கையெழுத்துப் போட்டது முழு விஷயமும் தெரியாமல். அது இன்னும் எனக்குள் இருக்கிறது. சைகை தெரிந்த ஒரு பெரிய ஆள் அங்கே இருந்திருக்க வேண்டும், பதினொரு வயதுப் பிள்ளை அல்ல. அதனால் கீழ்ப்பிரிவு அண்ணா "ஊரில் யாருக்குத் தெரியும்" என்று கேட்பது சரியான கேள்விதான். ஆனால் அதை ஊரிடம் கேட்க வேண்டும், பாப்பாவிடம் அல்ல.

லயத்துக்கிளி

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். வாத்தியார் ஐயா எழுதிய பையனைப் பற்றி வாசிக்கும்போது வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். பனித்துளி தங்கச்சிக்கு உள்பெட்டியில் எழுதியிருக்கிறேன். முடிந்தால் பார்க்கவும்.

லயத்துக்கிளி (ஐந்து மாதம் கழித்து)

இந்த இழையை யாராவது இன்னும் பார்க்கிறீர்களா?

பனித்துளி தங்கச்சி மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். மற்ற நாள் வீடியோ கோல். சிக்னல், தண்ணீர்ப் பீலிக்கு மேலே உள்ள கல்லில் நின்றால்தான் கிடைக்கும், அதனால் மாலையில் நாங்கள் நாலு பேரும் அந்தக் கல்லில்தான் வகுப்பு. லயத்துப் பிள்ளைகளும் வந்து நின்று பார்த்துப் பழகிவிட்டார்கள். இப்போது அவர்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குத் தெரியாமல் பேசுவதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்களாம், புகார் வந்தது.

பேச்சு நிற்கவில்லை. இருந்த மூன்று சொல் ஏழாகியிருக்கிறது. கையில் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எழுத வந்தது வேறு விஷயம். நேற்று மேசையில் வைத்த மாரி பிஸ்கட் பைக்கற்றில் பாதி இல்லை. பாப்பாவைக் கூப்பிட்டு, புருவத்தைச் சுருக்கி, "பிஸ்கட் தின்றது யார்?" என்று கேட்டேன். ஒரு நொடி யோசித்தாள். பிறகு முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் வெற்றிலை இடித்துக் காட்டினாள். பாட்டியாம். "பாட்டி எப்போது தின்றாள்?" என்றேன். "நேற்று. நீ தூங்கு. பாட்டி மெதுவாக நட. தின்." இரண்டு விரலால் பாட்டியின் நொண்டி நடையை வேறு காட்டினாள்.

என் மகள் முதல் பொய் சொல்லியிருக்கிறாள். வாயெல்லாம் பிஸ்கட் தூள்.

மாமியார் அடுப்படியிலிருந்து இதைப் பார்த்துவிட்டார். அவருக்கு முறையான சைகை ஏறவே ஏறாது என்று நினைத்திருந்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தங்கச்சி பழக்கிய "பொய்" என்ற சைகையை இரண்டு தடவை அழுத்திக் காட்டினார். பாப்பா "இல்லை" என்றாள். அவர் மறுபடி. இவள் மறுபடி. கால் மணி நேரம் சண்டை, சத்தமே இல்லாமல். நான் சோற்றைக் கருக விட்டுவிட்டேன்.

பனித்துளி

நான் "பொய்" பழக்கியது சரி. "பாட்டி திருடி" பழக்கவில்லை. அது அவள் சொந்தமாகச் செய்தது.

கீழ்ப்பிரிவு

பாட்டி பக்கத்து நியாயத்தை யாராவது விசாரித்தீர்களா? எங்கள் அம்மாவும் இரவில்தான் தின்பார்.

தங்கச்சி, அந்த வீடியோ கோலில் இன்னும் இரண்டு பேர் சேர முடியுமா? அக்காவும் மகனும். அவனுக்கு இப்போது பதிமூன்று. கேட்டுச் சொல்லச் சொன்னது அவன்தான்.